வீட்டுக்கும் டீமுக்கும் மாப்பிள்ளை

அகலமான தோள்காரன் என்பதால் சைக்கிள் பந்தயக் குழுவில் அவனுக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலையும் பெயருக்கு ஏற்றதுதான். எதிர்காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு அவன் முன்னால் மிதிக்க வேண்டும். குழுத் தலைவன் அவன் முதுகு மறைவில் அலுங்காமல் வருவான். கடைசி மலையில் தலைவன் சேர்த்து வைத்த பலத்தோடு பாய்ந்து போக, சுவர் ஓரம் ஒதுங்கி, கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு வந்து சேருவான்.

அந்தத் தலைவன் வேறு யாருமில்லை, அவன் தங்கையின் புருஷன். ஒரு காலத்தில் சுவர்தான் தலைவன். "நல்லா மலை ஏறுவான் சார்" என்று சிபாரிசு செய்து நண்பனைக் குழுவுக்குள் கூட்டி வந்ததும் அவனே. ஒரே வருடத்தில் இடம் கைமாறியது. அடுத்த வருடம் அந்த நண்பனுக்கும் தங்கைக்கும் கல்யாணம். சுவர் "மாப்ள" என்று கூப்பிடுவதைக் கேட்டு மெக்கானிக்கிலிருந்து மேனேஜர் வரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டிலும் மாப்பிள்ளை, டீமிலும் மாப்பிள்ளை. இரண்டு இடத்திலும் உபசாரம் ஒருவனுக்கே.

பந்தயத்துக்குக் கிளம்புமுன் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை ரொம்ப இளைச்சுட்டாரேடா, நீ பார்த்துக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"இளைச்சாதாம்மா அவன் மலை ஏற முடியும்."

"போன தடவை டிவியில உன்னையும் காட்டினாங்க. தோள் மட்டும் தெரிஞ்சுது. பக்கத்து வீட்ல சொன்னேன், அது என் பையன் தோள்னு."

தங்கை சிரித்தாள். மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சுவருக்கு வயிறு பற்றி எரிந்தது. மோர் கேட்டு வாங்கிக் குடித்தும் அடங்கவில்லை.

ஒரு வாரப் பந்தயம். முதல் நாள் காலை குழுவின் பஸ்ஸில் மேனேஜர் வரைபடத்தை விரித்தார்.

"பாலம் ரொம்பக் குறுகல். தாண்டித் திரும்பினா வெட்டவெளி, பக்கத்துலேர்ந்து காத்து. அங்க கூட்டம் துண்டு துண்டா உடையும். முன்னாடி இருக்கறவன் பிழைச்சான், பின்னாடி இருக்கறவன் தொலைஞ்சான். சுவரு, பாலத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளையை முன் வரிசையில கொண்டு போய்ச் சேர்த்துடு."

"சரி சார்."

பக்கக் காற்றில் ஒருவனுக்கு நேர் பின்னால் ஒருவன் போய்ப் பிரயோஜனமில்லை. சாலையின் குறுக்கே விசிறி மாதிரி சாய்வாக விரிந்தால்தான் மறைவு கிடைக்கும். சாலையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் அந்த விசிறியில் இடம். மற்றவர்கள் ஓரத்தில் காற்றோடு மல்லுக்கட்டிக் கழன்று போவார்கள்.

பாலம் நெருங்கியது. எல்லாக் குழுவும் முட்டி மோதியது. சுவர் இடித்துப் பிடித்து முன்னால் வந்துவிட்டான். அக்குள் இடுக்கு வழியாகப் பின்னால் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். எங்கோ கூட்டத்தின் நடுவில் அவன் தலைக்கவசம் மட்டும் தெரிந்தது.

பின்னால் காரில் வந்த மேனேஜர் காதுக் கருவி வழியாகக் கத்தினார். "சுவரு, பின்னால போ! மாப்பிள்ளை மாட்டிக்கிட்டான், போய்க் கூட்டிட்டு வா!"

சுவர் கால்களை நிறுத்தவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காதுக் கருவியைப் பிடுங்கிக் கழுத்தோரம் தொங்கவிட்டான். பாலம் வந்தது, போனது. காற்று அடித்ததும் கூட்டம் உடைந்தது. முதல் விசிறியில் சுவர் இருந்தான். மாப்பிள்ளை இல்லை. பல காலத்துக்குப் பிறகு அன்றுதான் எல்லைக்கோட்டில் கேமரா அவன் முகத்தைப் பார்த்தது. நான்காவது இடம். மாப்பிள்ளை வெகுநேரம் கழித்துப் புழுதியோடு வந்தான்.

"காதுல என்ன, பஞ்சா வச்சிருந்தே?" என்று மேனேஜர் பாய்ந்தார்.

"கழண்டு விழுந்துடுச்சு சார்."

"விடுங்க சார். இடத்தைக் கோட்டை விட்டது நான்தான், மச்சான் மேல தப்பில்ல" என்றான் மாப்பிள்ளை.

திட்டியிருந்தால்கூடச் சுவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவன் என்ற பெயரையும் அவனே தட்டிக்கொண்டு போகிறானே என்று பல்லைக் கடித்தான்.

மொத்த நேரக் கணக்குப்படி இப்போது குழுவில் முன்னால் நிற்பவன் சுவர்தான். ஆகவே மறுநாள் அவனே தலைவன், காற்று வாங்குவது மாப்பிள்ளை.

முதுகு மறைவில் போவது எவ்வளவு சுகம் என்பதையே சுவர் மறந்திருந்தான். ஆனால் மாப்பிள்ளை ஓட்டிய ஓட்டம் அந்தச் சுகத்தைக் கெடுத்தது. காற்று திரும்புமுன் அவன் திரும்பினான். ஊசி நுழையும் இடைவெளியிலும் இருவருக்கும் இடம் பிடித்தான். நிமிடத்துக்கு ஒரு தரம் பின்னால் பார்த்து, "இருக்கீங்களா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டான். இத்தனை வருடமாகத் தான் செய்த வேலையைத் தன்னைவிட அழகாக ஒருத்தன் செய்கிறான். இதுவும் இவனுக்கு வருமா?

மலை ஆரம்பித்ததும் சுவருக்குத் தொடை இறுகியது. மாப்பிள்ளை சும்மா மிதிக்கும் வேகத்துக்கே ஈடுகொடுக்க முடியவில்லை. இருவர் காதிலும் மேனேஜரின் குரல் கேட்டது. "இனி சுவரால முடியாது. மாப்பிள்ளை, நீ போ. போனா இன்னிக்கு உனக்குத்தான்."

மாப்பிள்ளை திரும்பினான். "மச்சான், போகவா?"

போ என்றால் போதும். சுவருக்கு நாக்கு அந்தப் பக்கம் புரளவே இல்லை.

"என்னை விட்டுட்டா? கூடவே இரு."

மாப்பிள்ளை இருந்தான். ஒவ்வொருவராக அவர்களைத் தாண்டிப் போனார்கள். இருவரும் ஒன்றாக, பிந்தி வந்து சேர்ந்தார்கள்.

பஸ் அருகே முகத்தைத் துடைத்த துண்டை மடித்துக்கொண்டே மாப்பிள்ளை சொன்னான்: "கருவியை நீங்கதான் பிடுங்கினீங்கன்னு உங்க தங்கச்சி நேத்தே சொன்னா. டிவியில பார்த்தாளாம். நான் நம்பல. இன்னிக்கு நம்பறேன்."

சுவர் குனிந்து ஷூவைக் கழற்றினான். வாயைத் திறந்திருந்தாலும் அதில் மன்னிப்பு இருந்திருக்காது.

அந்தப் பருவம் முடிந்ததும் மாப்பிள்ளை வேறு குழுவுக்குப் போய்விட்டான். தங்கை சில மாதம் பேசவில்லை. பிறகு அம்மாவுக்காகப் பேசினாள். சுவருக்குப் புதிதாக வந்த தலைவன் முன்பின் தெரியாதவன். அவனுக்காகக் காற்று வாங்குவதில் சுவருக்கு ஒரு குறையுமில்லை. ஓடிப் போய்த் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுப்பான். அவன் ஜெயித்தால் மனதாரக் கைகூடத் தட்டுவான்.

ஆனாலும் மாலையில் முடிவுகள் வெளியானதும் அவன் முதலில் தேடுவது மாப்பிள்ளையின் பெயரைத்தான். அது பின்னால் இருக்கிற அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.