வழக்குக்கு நான் போட்ட விலை

அப்பாவின் சேமலாப நிதிப் பணம் முழுவதும் கலவானை ரோட்டோரத்தில் இருபது பேர்ச்சஸ் காணியாகவும் ஒரு சிறிய வீடாகவும் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு வெளியே வந்த குடும்பம் என்று எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. பிறகு அப்பாவுக்கு ஆபரேஷன் என்றார்கள். அம்மா டவுனில் ஒரு முதலாளியிடம் ஐம்பதாயிரம் கடன் கேட்டார்.

"சும்மா பேருக்குக் காணிய எனக்கு வித்ததா உறுதி எழுதிக் குடுங்க. காசு வந்ததும் திருப்பி எழுதிறலாம்" என்றார் முதலாளி.

எங்கள் பக்கம் கடன் அப்படித்தான். ஈடு என்று எழுத மாட்டார்கள், விற்றதாகவே எழுதுவார்கள். அப்பா பிழைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அம்மா காசோடு போனபோது, காணியை விலைக்குத்தானே வாங்கினேன், வீட்டைக் காலி பண்ணுங்கள் என்றார் அதே மனிதர்.

இரத்தினபுரியில் வழக்குப் போட்டோம். நான் சிங்களத்தில் படித்தவள், ஒரு பார்மசியில் வேலை. அதனால் பேச்செல்லாம் என் பொறுப்பு. எங்கள் சட்டத்தரணி எப்போதும் அவசரத்தில் இருப்பார். மனுவை டைப் அடித்தது அவருடைய கிளார்க்.

"காணியின் பெறுமதி எவ்வளவு போட? கூடப் போட்டால் முத்திரைச் செலவும் கூடும்" என்றார் கிளார்க் சிங்களத்தில்.

காணி அப்போது நாலு லட்சம் பெறும். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உறுதியில் விலையாக உள்ள ஐம்பதாயிரத்தையே போடுங்கள் என்றேன். மிச்சம் பிடித்த காசில் அன்று இருவரும் கடையில் மீனோடு சோறு சாப்பிட்டோம். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தில் பெருமை வேறு.

நாலு லட்சம் பெறும் காணியை யாராவது ஐம்பதாயிரத்துக்கு விற்பார்களா, ஆகவே அது கடன்தான் என்பதே எங்கள் வழக்கு. வேறு சாட்சி கிடையாது. இது எனக்கு விளங்கியது மூன்று வருஷம் கழித்து, அம்மா சாட்சிக் கூண்டில் நின்றபோது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மனுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காணியின் பெறுமதி ஐம்பதாயிரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெறுமதிக்குத்தானே விற்றிருக்கிறீர்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. சுவரில் ஃபேன் சுவிட்சுகளை எண்ணினேன். ஆறு.

"இந்தத் தொகையை யார் சொன்னது?"

அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க சொன்னேன்."

சத்தியம் பண்ணிவிட்டு அம்மா சொன்ன ஒரே பொய் அது. தீர்ப்பிலும் அதுதான் இருந்தது, வாதியே ஒப்புக்கொண்ட பெறுமதி என்று. மாமாவின் லயத்து அறையில் பாதியைச் சேலை கட்டி மறைத்துக்கொண்டு மறுபடி குடியேறினோம். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

பல மாதம் கழித்து ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா அப்பிடிச் சொன்னீங்க?"

"ஒன்னையும் அந்தக் கூண்டுல ஏத்திருவாங்களோன்னு பயந்துட்டேன் புள்ள" என்றார்.