இருபத்துநாலு மணி நேரம் கண்ணாடியை இறக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில், பட்டுப்புடவை கட்டிய என் அக்கா புதுசு மாறாத ஒரு ஜீப்பிலிருந்து இறங்கிப் போய் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினார். சண்டை எதுவும் இல்லை. காற்றுக்காகத்தான்.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர் தங்கவேல் மாமா பீளமேட்டில் பம்பு உதிரிபாகம் செய்கிறவர். ஆறு மாதம் முன்பு இந்த ஆஃப்ரோடு வண்டியை வாங்கினார். ஆற்றில் இறங்கும், பாறையில் ஏறும் என்கிறது விளம்பரம். இறங்கும்தான்... யார் இறக்குவது? தண்ணீர் லாரி சிந்திய குட்டையைக்கூட மாமா சுற்றிக்கொண்டுதான் போவார். சேறு பட்டுவிடுமாம்.

அக்காவின் பிரச்சினை வேறு. மூடிய காரில் ஏசி போட்டால் வயிற்றைப் புரட்டும். சமவெளி என்றால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு சமாளித்துவிடுவார். மலைப்பாதையில் முடியாது. மூன்று வருடம் முன்பு கோத்தகிரியில் எங்கள் தம்பி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது, இறங்கியதுமே வாந்தி. விழா முடியும்வரை உள் அறையில் படுத்திருந்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆஸ்பத்திரியில் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த எட்டிப் பார்த்தலை அக்கா மறக்கவில்லை.

போன ஞாயிறு அதே தம்பி மகளுக்கு நிச்சயம். தட்டு மாற்ற வேண்டியவர் அத்தை. அதாவது, அக்கா. இந்த முறை நின்று, சிரித்து, தட்டு மாற்றி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் அவருக்கு. பெரிய ஆசையா இது?

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் அவருக்குச் சரியாகிவிடும். மழை நாளில் இறக்கினால் சாரல் அடிக்கும். அதற்கு இருக்கவே இருக்கிறது வைசர். கார் ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி ஒட்டுகிற கறுப்புப் பட்டை. கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருந்தாலும் காற்று வரும், மழை வராது. “உனக்காகத்தான் அம்மிணி” என்று சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் உக்கடம் பக்கம் ஒரு கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார் மாமா. கூட நானும் போனேன்.

கடைக்காரர் பஷீர் பாய் நிதானமான வேலைக்காரர். கதவு விளிம்பை ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தார். அப்புறம் விவரம் கேட்டார். மறுநாள் மலை ஏறுகிறோம் என்று தெரிந்ததும் கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

“போயிட்டு வந்தே மாட்டிக்கலாமுங்க. ஒட்டினா இருபத்துநாலு மணி நேரம் கண்ணாடிய இறக்கக் கூடாதுங்க.”

நல்ல யோசனை. ஆனால் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்களே, வண்டியைப் பார்ப்பார்களே... மாமா பணிவாக, சிரித்துக்கொண்டே, நாலு தடவை வற்புறுத்தினார். பாயும் பணிவாக, சிரித்துக்கொண்டே, ஒட்டிக்கொடுத்தார். நம்மூரில் இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொண்டால் ஒரு தப்பைத் தடுக்க யாருமே மிச்சமிருப்பதில்லை.

ஆக, கண்ணாடியைத் திறப்பதற்காக வாங்கிய சாமானுக்காக, கண்ணாடி மூடப்பட்டது.

மேட்டுப்பாளையம் வரும்போது அக்காவின் முகம் வெளுத்திருந்தது. ஜன்னல் பட்டனை அழுத்தினார். அசையவில்லை. மாமா தன் பக்கத்திலிருந்து லாக் போட்டிருந்தார். குழந்தைகள் விளையாடாமல் இருப்பதற்காகக் கம்பெனி கொடுத்திருக்கும் லாக் அது. அக்காவுக்கு வயது ஐம்பத்துநாலு.

“ஏனுங்க, ரெண்டே விரல் இறக்குங்க.”

“இன்னிக்கு ஒரு நாளைக்குப் பொறுத்துக்க அம்மிணி. பசை காயலை.”

“அப்ப பஸ் ஸ்டாண்டுல நிறுத்துங்க.”

நிறுத்தினார். அக்கா இறங்கினார். நானும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஏசி நன்றாக இருந்தது.

அப்புறம் ஊர்வலம்தான். முன்னால் அரசு பஸ். அதன் திறந்த ஜன்னலில் அக்காவின் முந்தானை படபடவென்று பறக்கிறது. பின்னால், நாலு கண்ணாடியும் ஏற்றிய ஜீப்பில் நாங்கள் இரண்டு பேர். முந்திப் போனால் மனைவியை விட்டுவிட்டுப் போனவர் ஆகிவிடுவார். பின்னாலேயே போனால் பஸ் புகை. மாமா புகையைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் என் பக்கம் திரும்பி, வைசர் அசைகிறதா என்று பார்க்கச் சொன்னார். அசையவில்லை என்று தகவல் தெரிவித்தேன்.

நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். வீட்டாருக்காக வாங்கிய சோபாவை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிட்டு, வீட்டார் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லையா? ரிமோட்டுக்குக்கூட பாலிதீன் சட்டை உண்டு. பொருள் நமக்காக வருகிறது. வந்த மறுநாளே நாம் அதற்கு வாட்ச்மேன். சம்பளம் கிடையாது.

கோத்தகிரியில் அக்கா தெம்பாக இறங்கினார். பஸ் ஜன்னலில் கலைந்த தலையைச் சீவிக்கொண்டு, நின்று, சிரித்து, தட்டு மாற்றினார். பந்தியில் இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கினார். யாரும் எந்த அறையையும் எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளையின் அப்பா ஜீப்பைச் சுற்றி வந்தார். மாமா காத்திருந்த நேரம். சாரல் வராது, காற்று மட்டும் வரும் என்று விரலை வைத்து விளக்கினார். அவர் மெச்சிவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“அம்மணிக்கு மலை ஏற ரொம்ப வசதியா இருந்திருக்குமுங்களே?”

“நான் பஸ்ஸுல வந்தேனுங்க” என்றார் அக்கா, அதே மரியாதையோடு. “இவரு வைசரப் பத்திரமாக் கூட்டிட்டு வந்தாருங்க.”

மாப்பிள்ளையின் அப்பா உடனே வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்குதுங்க என்றார். நாகரிகமான மனிதர். நல்ல சம்பந்தம்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. பாய் சொன்ன கணக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. முன் சீட்டில் உட்கார்ந்த அக்கா, “லாக்க எடுங்க” என்றார். மாமா பின் சீட்டில் இருந்த என்னை, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். நான் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தேன்.

லாக் போனது. அக்கா பட்டனை அழுத்தினார். இரண்டு விரல் அல்ல — முழுசாக, கடைசிவரை இறக்கிவிட்டார். சாரல் உள்ளே அடித்து, பட்டுப்புடவை நனைந்து, மாமாவின் புது சீட் கவரும் நனைந்தது. வைசர் மட்டும் கல்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமா கையை நீட்டி ஏசியை அணைத்தார்.