சுருட்டுப்புழுவும் சிவப்பு மூடியும்

நான் பயப்படாத பொருள் என்று உலகத்தில் அதிகம் இல்லை. மகள் டவுன் பஸ்ஸில் ஏறினால் படியை நினைத்துப் பயம், இறங்கினால் பின்னால் வரும் பஸ்ஸை நினைத்துப் பயம். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் முதலில் நான் கழுத்தளவு இறங்கி, சுழல் இருக்கிறதா என்று காலால் துழாவிவிட்டு, அவளுக்கு முழங்கால் அளவுத் தண்ணீரை ஒதுக்கித் தருவேன். மீன் என்றால் முள், பட்டம் என்றால் நூல், கொய்யா என்றால் விதை. எல்லாவற்றையும் நான் ஒரு தடவை பார்த்த பிறகுதான் அவள் கைக்குப் போகும். கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள். வேறு எப்படி இருக்க முடியும்?

இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், அவள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டு விடுமுறைக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். இருபது பூச்சிகள் அல்லது செடிகள், அவற்றுக்கு ஊரில் வழங்கும் பெயர், அந்தப் பெயர் வந்த காரணம். மற்றப் பிள்ளைகள் அப்பாவைக் கேட்டு ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்திருப்பார்கள். என் மகள் அப்பா சொல்வதை நம்புகிற ரகம் இல்லை.

கும்பிடுகிற மாதிரி நிற்பதால் கும்பிடுபூச்சி என்றேன்.

"யாரைக் கும்பிடுது? இன்னொரு பூச்சியப் பிடிக்கதுக்குல்லா கையத் தூக்கிட்டு நிக்கு. அடிக்கப் போறதப் போயி கும்பிடுதுன்னு சொல்லுதிய."

பெயர் வைத்தவர் தூரத்திலிருந்து பார்த்திருப்பார் என்று என் மனைவி சமாதானம் சொன்னாள். அது அப்படியே நோட்டில் ஏறியது. 'காரணம்: பெயர் வைத்தவர் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.'

வெட்டுக்கிளியில் வெட்டு சரி, கிளி எப்படி வந்தது என்று அடுத்து கேட்டாள். இரண்டும் பச்சை என்றேன். "அப்ப வெண்டைக்காயும் கிளியா?" என்றாள். ஆடு தொடாது, அதனால் ஆடாதொடை என்றதற்கு, அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். வேலியோரம் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு அடுத்த தெருக் கறிக்கடைக்குப் போனோம். அங்கே கட்டியிருந்த ஆடு முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. கடைக்காரர் கத்தியைத் தீட்டியபடி, "ஏட்டி, நாளைக்கு அது இருக்காது. கேக்க வேண்டியதெல்லாம் இன்னைக்கே கேட்டுக்கோ" என்றார்.

இப்படிப் பத்தொன்பது சேர்ந்தது. இருபதாவதற்கு வழி சொன்னவர் ஆபீசில் எனக்கு அடுத்த மேசைக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. ஏரல் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டை வந்து போவார். ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல் வைத்திருந்தார்.

"பிள்ளைய நம்ம வயலுக்குக் கூட்டிட்டு வாரும் வே. பயிர்ல சுருட்டுப்புழு விழுந்து கிடக்கு. எனக்குத்தான் ஒரு உபயோகமும் இல்ல, அவளுக்காவது ஆகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். மகளுக்கு ஷூ மாட்டி, வரப்பில் பாம்பு கிடந்தால் விலகட்டும் என்று ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். பக்கத்து வயலில் நடவு வேலையாக நின்ற இரண்டு பெண்கள், "சாருக்குக் கண்ணு தெரியாது போல, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். வயலில் கால் வைக்கும் முன் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வியும் கேட்டேன். அதைக் கேட்டதை நினைத்து அன்று முழுக்க எனக்குப் பெருமை.

"இங்கன மருந்து அடிச்சாச்சா அண்ணாச்சி?"

"இல்ல வே. மேல வயலுக்குத்தான் போன மாசம் அடிச்சோம். இதுக்கு அடுத்த வாரம். பயப்படாம இறங்கும்."

அவர் ஒரு நெல் இலையைக் காட்டினார். இரண்டு ஓரமும் நீளவாக்கில் மடிந்து, மெல்லிய நூலால் தைத்தது போல ஒட்டி, சின்னக் குழலாக இருந்தது. மேலே வெளுத்த கோடுகள். மெதுவாக விரித்தார். உள்ளே தீக்குச்சியைவிட ஒல்லியாக ஒரு பச்சைப் புழு. வெளிச்சம் பட்டதும் பின்பக்கமாகத் துள்ளி அவர் கையிலிருந்து விழுந்தது. மகள் கைதட்டினாள்.

"இது பெரிசானா என்ன ஆகும் மாமா?"

"பூச்சி ஆகும். அந்தா பறக்குல்லா, அதான்."

விரல் நகத்தளவு அந்துப்பூச்சி ஒன்று பயிருக்குள் எழும்பி உட்கார்ந்தது. வைக்கோல் நிறச் சிறகில் கருப்புக் கோடுகள்.

"அதுக்கு என்ன பேரு?"

"பூச்சி."

"எல்லாமே பூச்சிதான. அதுக்குன்னு ஒரு பேரு?"

"அதுக்கு எதுக்கும்மா பேரு? அதுவா என் பயிரத் திங்கு? புழுதான திங்கு. நட்டம் பண்ணுதவனுக்குத்தான் பேரு வைக்கணும். நின்னு திட்டுததுக்கு ஆகும்லா."

கேட்ட காரணங்களிலேயே இதுதான் அவளுக்குப் பிடித்தது. ஆனாலும் பூச்சியை அப்படி விட மனம் வரவில்லை. சில புழுக்களை வீட்டில் வளர்த்து, அவை பூச்சியாகி வெளியே வருவதைப் பார்த்து, தானே ஒரு பெயர் வைக்கப்போவதாகச் சொன்னாள். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். வரப்போரக் கொட்டகைக்குள் போய்ப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றோடு வந்தார். சிவப்பு மூடி. வாய்க்காலில் மணல் போட்டுக் குலுக்கி, மூன்று தடவை அலசி, வேட்டி நுனியால் துடைத்து அவள் கையில் கொடுத்தார். எட்டுச் சுருட்டு இலைகளை உள்ளே போட்டு, மூடிக்குப் பதிலாகத் துணி கட்டினோம். திரும்பும் பஸ்ஸில் அது குலுங்கக்கூடாது என்று நான்தான் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். நல்ல பாட்டில் என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் துணியை அவிழ்த்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தாள். புழுவுக்குக் காற்று வேண்டும் என்று வாயால் ஊதினாள். இலையைக் கையால் எடுத்து விரித்தாள், திரும்ப வைத்தாள். அவளுக்கு நகம் கடிக்கும் பழக்கம் வேறு. "தட்டி விளையாடாதே, கண்ணாடி உடைஞ்சா கையக் கிழிக்கும்" என்று மட்டும் சொன்னேன். என் கவனம் அவ்வளவு கூர்மை.

மறுநாள் காலையில் எட்டும் செத்துக் கிடந்தன. மகள் அழுதாள். துளசிச் செடிக்கடியில் குழி தோண்டிப் புதைத்தாள். இட்லி வேண்டாம் என்றாள். "வயித்தப் புரட்டுதும்மா" என்றாள். அழுத பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

காலியான பாட்டிலில் கொத்தமல்லி விதை போட்டு வைக்கலாம் என்று மனைவி அதைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"அழுகின பூண்டு மாதிரி நாறுது. இது என்ன பாட்டில்?"

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த தாள் கழுவிப் போய், ஓரத்தில் விஷத்துக்கு அச்சடிக்கும் சிவப்பு மட்டும் நகம் அளவு மிச்சமிருந்தது. ஒரு வாரமாக எறும்புக்கும் புல்லுக்கும் பெயர் கேட்டுத் திரிந்த வீடு எங்களுடையது. இந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் பெயர் கேட்கவில்லை.

எப்படி ஆட்டோ பிடித்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாடி பார்த்தார். வேர்க்கிறதா, எச்சில் அதிகமாக ஊறுகிறதா என்று கேட்டார். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூக்கருகில் கொண்டுபோனவர் உடனே தள்ளிவைத்தார்.

"பூச்சிமருந்து பாட்டில் இது. மருந்தோட பேரு என்ன?"

"தெரியல டாக்டர்."

"பேரு தெரியாம நான் என்ன செய்ய? பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஓடிப்போயி கேட்டுட்டு வாங்க."

ஆபீஸ் பக்கம்தான். ஓடினேன். அண்ணாச்சி எதிர்த்த டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்தார்.

"பேரா? நாங்க சிவப்பு மூடின்னுதான் சொல்லுவோம். கடையில போயி ரெண்டு சிவப்பு மூடி, ஒரு பச்சை மூடின்னு கேட்டா குடுப்பான். பேரு யாருக்குத் தெரியும் வே?"

பக்கத்து டெலிபோன் பூத்தில் இருந்து ஏரல் உரக்கடைக்குப் போன் போட்டோம். எடுத்தவருக்கும் சிவப்பு மூடி என்றால்தான் புரிந்தது. "அதுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கும் அண்ணாச்சி. எதுக்குக் கேக்கிய? மருந்து நல்லா கேக்கலையோ? புழு சாகலையா?"

"செத்துட்டுலே, எட்டும் செத்துட்டு! நீ பேரப் படிலே!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பூத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார். உரக்கடைக்காரர் புதுப் பாட்டிலைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். நான் உள்ளங்கையில் எழுதினேன். கை வேர்த்து மை இழுகியது. மறுபடி முழங்கைக்கு மேலே எழுதினேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் புரட்டினார். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

"கழுவின பாட்டில். மோந்திருக்கா, தொட்டிருக்கா, அவ்வளவுதான். இதுவரைக்கும் ஒரு அடையாளமும் தெரியல. சோப்புப் போட்டு நல்லாக் குளிப்பாட்டுங்க, நகத்த ஒட்ட வெட்டுங்க, துணிய மாத்துங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்." பிறகு என் நாடியையும் பிடித்துப் பார்த்தார். "உங்களத்தான் படுக்க வைக்கணும் போல. பாட்டில மடியில வச்சிட்டு வந்தீகளே, நீங்க குளிச்சீகளா?"

அரை மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து டார்ச் அடித்தார். ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டேன். மகளோ பன்னிரண்டு மணிக்குப் பசிக்கிறது என்றாள். இரண்டு மணிக்குப் புரோட்டா கேட்டாள். மூன்று மணிக்கு அம்மாவிடம் நோட்டைக் கொடுத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தாள்.

"சுருட்டுப்புழுவில் இருந்து வரும் பூச்சி. ஊர்ப் பெயர்: இல்லை. காரணம்: அது ஒன்றும் செய்யவில்லை."

"நீதான் பேரு வைக்கப் போறேன்னு சொன்னியே" என்றாள் மனைவி.

"வேண்டாம்மா. பேரு வச்சா மருந்து அடிப்பாங்க."

நாலு மணிக்கு அண்ணாச்சி வந்தார். கட்டில் பக்கம் வரத் தைரியமில்லாமல் வாசல் தூணோடு நின்றார். மகள் சிரித்துக் கையாட்டியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"வே, எங்க வீட்டுல அந்தப் பாட்டில் ஆறு இருக்கு. நாலுல மண்ணெண்ணெய். ஒண்ணுல உப்பு." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணுல நல்லெண்ணெய். பேரப்பிள்ளைக்குத் தலைக்குத் தேய்க்கது."

நான் பதில் சொல்லும் முன்பே பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினார். ஐம்பது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மறுநாள் ஆபீசுக்குக் கையில் மண்வெட்டிக் கொப்புளத்தோடு வந்தார். ஆறையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாராம். நல்ல பாட்டில்களை மண்ணுக்குக் கொடுத்துவிட்டதாக வீட்டில் ஒரே சண்டையாம். பேரன் நன்றாக இருக்கிறான் என்றார்.

அண்ணாச்சி ஓடிய அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெட்டிக்கடை. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ஒரு கலர் வாங்கித் தாங்க."

கடைக்காரர் ஒரு சோடா பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது. நான் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஒரு எழுத்து இல்லை.

"இதுக்குப் பேரு என்ன அண்ணாச்சி?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கலர்."

"என்ன கலர்?"

"சிவப்புக் கலர். கண்ணு தெரியலையா வே?"

முதலில் நான் இரண்டு மடக்குக் குடித்தேன். பிறகு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, வயிற்றில் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்தபடி நின்றேன். கேஸ் மட்டும் மூக்கில் ஏறியது.

"எவ்வளவு நேரம்ப்பா நிப்பிய?"

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறும்மா."

"அஞ்சு நிமிஷத்துல கேஸ் போயிருமே" என்றாள் மகள். மனைவி என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அவளிடம் கொடுத்தாள். வெட்டிய நகங்கள் சிவக்க, இரண்டு கையாலும் பிடித்து அவள் அதைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.