சமையலறையில் முடிந்த விலை

வண்டியை நிறுத்திய என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "உள்ள போனதும் நல்லா இருக்குதுன்னு சொல்லிடாதே. மூஞ்சியில ஒண்ணும் காட்டாதே. விலை பேசறத நான் பாத்துக்கறேன்."

புரோக்கர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இவர் பள்ளிக்கூட ஆசிரியர். கீரைக்காரம்மாவிடம்கூட கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவர். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் இருவர் பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் இரு குடும்பத்திலும் அதுவரை யாரும் வீடு வாங்கியதில்லை.

அதற்கு முன் ஆரணியிலேயே இரண்டு வீடுகள் பார்த்திருந்தோம். இரண்டிலும் பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. சொந்த ஊர் எது என்பார்கள். தேவிகாபுரம் பக்கம் என்போம். ஊரில் எந்தத் தெரு என்பார்கள். சொல்வோம். மறுநாள் புரோக்கர் போன் செய்வார். "அவங்க இப்ப விக்கலயாம் சார்." அதற்கு மேல் அவரும் விளக்கமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

மூன்றாவதுதான் இந்த வீடு. பட்டுக்கடை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஓசூரில் மகளோடு போய் இருக்கப்போவதால் விற்கிறார்கள். அவர் சொன்ன விலை முப்பது லட்சம்.

என் கணவர், வீட்டுக்காரப் பெரியவர், புரோக்கர் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா, "நீ வாம்மா, டீ போடலாம்" என்று என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

சமையலறையில் மேடை என் இடுப்புக்குச் சரியாக இருந்தது. வாடகை வீடுகளில் குனிந்தே சமைத்துப் பழகியவள் நான். மேடைமேல் கையை வைத்துப் பார்த்தேன். எடுக்க மனம் வரவில்லை.

"புடிச்சிருக்குதா?" என்றார்.

"புடிச்சிருக்குதுமா. ஆனா சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு."

அந்த அம்மா கொதித்த டீயை இறக்கி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வூட்டுக்காரரும் என்னை ஒண்ணு சொல்லக்கூடாதுன்னு சொல்லிகினே இருக்காரு. வா, காட்டறேன்."

பின்னறைக்குப் போனோம். சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. இருவருமாக அதைத் தள்ளினோம். பின்னால் சுவர் ஆளுயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து கிடந்தது.

"மழை வந்தா ஊறிகினே இருக்கும். ரெண்டு தபா பூசியாச்சு, நிக்கல. இத மறைச்சு வித்துட்டு நான் அங்க போயி எப்படிம்மா நிம்மதியா இருக்கறது?"

திரும்பி வந்து டீயை ஆற்றும்போது கேட்டார். "சொந்த ஊரு எது?"

"தேவிகாபுரம் பக்கம்" என்றேன். அடுத்த கேள்விக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நானே தெருவையும் சொன்னேன்.

"அங்கேர்ந்து பஸ் புடிச்சி வந்தா படிச்ச? பேஜாராச்சே" என்றவர் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். "உனக்கு எவ்ளோ போடட்டும்?"

"ரெண்டு ஸ்பூன்மா" என்றேன். அதன்பிறகு எதையும் ஒளிக்கத் தோன்றவில்லை. பேங்க் எவ்வளவு தரும், கையில் எவ்வளவு இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இருபத்தேழு. சுவர நீ பாத்துக்கோ. பீரோவ விட்டுட்டுப் போறேன்."

டீத்தட்டோடு கூடத்துக்கு வந்தோம். என் கணவர் வியர்த்த முகத்தோடு எழுந்து நின்றார். "இருபத்தொன்பதுக்கு முடிச்சிட்டேன்" என்றார், பரிசு வாங்கியவர் போல.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். "நாங்க இருபத்தேழுக்கு முடிச்சிட்டோம்."

"இன்னாது?" என்றார் பெரியவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பீரோவ நகத்திட்டியா?"

"ஒண்டியா இல்ல. இந்தப் பொண்ணும் ஒரு கை புடிச்சிது."

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்.

புரோக்கர்தான் தவித்துப்போனார். "அப்ப எது சார் விலை?"

"அவ சொல்லிட்டா. அப்புறம் நான் சொல்றதுக்கு இன்னா இருக்குது? டீயக் குடிங்க."

என் கணவர் ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு, இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினார். "வீடு ரொம்ப நல்லா இருக்குதுங்க சார்!"

பத்திரப் பதிவு முடிந்து பால் காய்ச்சிய அன்று பெரியவரும் அந்த அம்மாவும் ஓசூரிலிருந்து வந்தார்கள். அதே நேரம் ஊரிலிருந்து என் அம்மாவும் வந்து இறங்கினார். சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் கேட் நேராகத் தெரியும். என் அம்மாவும் அந்த அம்மாவும் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள். இப்படியொரு வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைந்து என் அம்மாவுக்குப் பழக்கமில்லை. அந்த அம்மாவுக்கோ, இனி இது தன் வீடில்லை என்ற தயக்கம்.

"நீங்க போங்கமா."

"உங்க பொண்ணு வூடு. நீங்க போங்க."

இருவரும் நகர்வதாயில்லை. அதற்குள் பாத்திரத்தில் பால் நுரைத்து மேலே வந்துவிட்டது.

"யாராச்சும் ஜல்தி வாங்க, பால் பொங்குது!" என்று கத்தினேன். இரண்டு பேரும் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தார்கள்.