அண்ணன் தின்ற நாற்பத்தெட்டு முட்டை

என் அண்ணன் சிங்காரவேலுவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முட்டையிலிருந்துதான் ஆரம்பித்திருப்பேன்.

அவன் பிறந்த அன்று அப்பா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாராம். மூன்று வருஷம் கழித்து நான் பிறந்தேன். அதற்குள் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும் போல. அவன் பாகூர் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்தான், நான் வீட்டில் வரட்டி தட்டினேன். மீன் குழம்பு வைத்தால் தலை அவனுக்கு, வால் எனக்கு. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே என்று இதையெல்லாம் விட்டுத் தொலைத்திருப்பேன். அந்தத் தேர்தல் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்குத் தெற்கே இருக்கிறது. நடுவே ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். அந்த வருஷக் கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் பெட்டி வைத்தார்கள். ஓட்டுப் போட வருகிறவர்களுக்காக ஊரார் வாசலில் தண்ணீர்ப்பந்தல் போட்டு, இடுப்பளவு உயரமான மூன்று பானை வைத்திருந்தார்கள். ஓட்டு வயசு வராத பயல்கள் பெட்டிக்குக் காவல் என்று சுற்றி நின்றார்கள். அண்ணனும் அங்கேதான் இருப்பதாக வீட்டில் நினைப்பு.

"சோத்து நேரம் ஆச்சி. போய் அண்ணனைக் கூட்டிக்கினு வாடி" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

போனேன். அண்ணனைக் காணோம். பந்தல் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி வந்து நின்றது. வெளியூர் அடியாட்கள், கையில் தடி. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் குறுக்கே நின்ற பயல்களை அடித்தார்கள். நான் பானைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். பயல்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ராமு மட்டும் ஓடவில்லை. எங்கள் தெரு மணியம்மாளின் ஒரே பிள்ளை, கரும்பு வெட்டுகிறவன், அண்ணனுக்கு உயிர்ச் சிநேகிதன். மண்டையில் அடிபட்டு எனக்கு இரண்டு முழம் தள்ளி வந்து விழுந்தான். என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டான். என் முதுகு பானையில் சாய்ந்திருந்தது. குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எட்டினால் தடிக்காரன் பார்த்துவிடுவான். நான் எட்டவில்லை. சிப்பாய்கள் வந்து சேர்ந்தபோது ராமு உயிரோடு இல்லை.

கொல்லை வழியாக ஓடிவந்த என்னை அண்ணன் கரும்புத் தோட்டத்தோரம் மடக்கினான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேவல் சண்டை பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். வேட்டியில் இறகு ஒட்டியிருந்தது. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராமு தண்ணீர் கேட்டதையும் சொன்னேன். என்ன சொல்லிக் கேட்டான் என்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

"வாயைத் தொறக்காத. பொம்பளப் புள்ளய சாட்சிக்கு இழுப்பாங்க. நான் பாத்துக்கறேன்" என்றான்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பயல்கள் எட்டுப் பேரும் அரண்டு போயிருந்தார்கள். ஒருத்தன் தூக்கத்தில் அலறினான், ஒருத்தன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கோயில் பொறுப்பிலிருந்த பலராமன் பேசினார். ஒரு மண்டலத்துக்கு, நாற்பத்தெட்டு நாளைக்கு, இவர்கள் ஊர்ப் பிள்ளைகள். ஆளுக்குத் தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுப்பது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், கோயிலில் சாப்பாடு. அவர்கள் கரும்பு வேலையைப் பெரியவர்கள் செய்வது. யாரையும் தனியாக விடுவதில்லை. பயம் தெளியக் கையில் கறுப்புக் கயிறு. சொல்லி முடித்தபோது அண்ணன் எழுந்து நின்றான்.

"நானும் அங்கதான் இருந்தேன். பந்தலுக்குப் பின்னால. ராமு தண்ணி கேட்டான். என்னால குடுக்க முடியல" என்று சொல்லித் தேம்பினான்.

ஊரே அழுதது. ஓடியவர்களுக்கு யார் இருந்தார், யார் இல்லை என்று என்ன தெரியும்? அண்ணன் ஒன்பதாவது ஆளானான். எல்லாரையும்விடப் பாவம் அவன்தான் என்று அவனுக்கு மட்டும் பாலில் பனங்கற்கண்டு.

பயந்தது நான், முட்டை அவனுக்கு. நடுங்கியது நான், கயிறு அவன் கையில். தண்ணீர்க் குடத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டியது. அதைக் கேட்க நாதியில்லை. போதாததற்கு வீடு வீடாகப் போய் முட்டை வாங்கிவரும் வேலை என் தலையில் விழுந்தது. அவித்து, உரித்து, உப்புத் தொட்டுக் கொடுப்பேன். அவன் மென்று முடிக்கிற வரைக்கும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். நான் ஒன்றும் புண்ணியவதி இல்லை.

முட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது சனிக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று கோயிலில் பயல்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணியம்மாள் வந்தாள். பிள்ளை போன பிறகு அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு செம்புத் தண்ணீர். நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"பந்தலாண்ட இருந்தது நீதான? எனக்கு உம்மேல கோவம் இல்லடா. சின்னப் புள்ள, நீ இன்னா பண்ணுவ? இந்தா குடி. எம்புள்ள குடிச்சதா நெனச்சிக்கறேன்."

அண்ணன் இரண்டு கையாலும் செம்பை வாங்கினான். வாயில் வைத்தான். குடித்தேவிட்டான்.

முட்டைக்கூடையைப் போட்டுவிட்டேன். "அது எனக்கு! அது என்னோடது! நான்தான் அங்க இருந்தேன்!" என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்து கன்னத்தில் அறைந்தாள். "அண்ணன் மேல இவ்ளோ வயித்தெரிச்சலாடி ஒனக்கு?"

"ஆமாம், வயித்தெரிச்சல்தான். அதுக்குன்னு நான் சொல்றது பொய்யாயிடுமா?"

மணியம்மாள் கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "எம்புள்ள இன்னா சொல்லிக் கேட்டான்?"

"தண்ணி, தண்ணின்னு..."

என் பக்கம் திரும்பினாள். அண்ணனிடம் சொல்லாததைச் சொன்னேன். "'எம்மா, உப்புப் போட்டு நீச்சத்தண்ணி குடு'ன்னு கேட்டான். என்னைப் பாத்து நீன்னு நெனச்சிட்டான்."

பழைய சோறு ஊறிய தண்ணீரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். கரும்பு வெட்டப் போகுமுன் தினமும் விடியலில் அதைத்தான், அப்படிச் சொல்லித்தான், அவன் கேட்பானாம். அவர்கள் வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. மணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து, செம்பைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. பலராமன் வேறு பக்கம் பார்த்தார். ஆனால் முட்டையை நிறுத்தவில்லை. மண்டலத்தைப் பாதியில் விடக் கூடாதாம். எனக்கு ஒரு முட்டை கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

மறுநாள் விடிந்ததும் மணியம்மாள் எங்கள் வாசலில் நின்றாள். "அமுதம், வாடி" என்று கூப்பிட்டாள். வேறொரு செம்பு. உள்ளே நீச்சத்தண்ணி, உப்புப் போட்டது. "குடி. தெனம் கொண்டாருவேன்" என்றாள். நான் குடிக்கக் குடிக்க என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தனை நாள் கழித்து எனக்கு அன்றைக்குத்தான் குமட்டவில்லை. செம்பை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பினால் வாசற்படியில் அண்ணன். கையில் உரித்த முட்டை. கண் என் செம்பின் மேல். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருஷமாக நான் அவன் தட்டைப் பார்த்த பார்வை அது.

"எனக்கு ஒரு வாய் குடுடி" என்றான். "ராமு அன்னிக்கி என்னையும்தான் வரச் சொன்னான். நான் சேவல் சண்டைக்குப் போய்ட்டேன். நான் அங்க இருந்திருக்கணும்டி."

செம்பில் இன்னும் பாதி இருந்தது.

"போய் உன் முட்டையைத் தின்னு" என்றேன். அவன் எதிரிலேயே நின்று மீதியையும் குடித்து முடித்தேன். அவன் முட்டையை வாயில் போட்டுக்கொண்டு விழுங்க முடியாமல் அழுதான். எனக்கு அது இனித்தது.

அண்ணன் இப்போது இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தான், என் கல்யாணத்தை நடத்தினான், என் பிள்ளைகளைத் தோளில் சுமந்தான். அந்தச் செம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ராமு கேட்டபோது நான் பயத்தில் கொடுக்கவில்லை. அண்ணன் கேட்டபோது எனக்குப் பயம் எதுவும் இல்லை.