மாமாவின் கன்னத்தில் முளைத்தது

மாமாவுக்கு ரிஷிவந்தியத்தில் பெண் பேசி வைத்திருந்த சமயத்தில்தான் அவருடைய வலது கன்னத்தில் அந்த வட்டம் வந்தது. முதலில் கொசு கடித்ததுபோல் இருந்தது. பிறகு எட்டணாக் காசு அளவுக்கு வளர்ந்தது. நடுவில் தோல் வெளுத்து, ஓரம் மட்டும் சிவந்து தடித்து, யாரோ சின்ன வளையலைச் சூடுகாட்டி அழுத்தியதுபோல் ஆகிவிட்டது. பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். இந்த முகத்தைப் பார்த்தால் சம்பந்தம் கைவிட்டுப் போய்விடும் என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கி, கரும்பு லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். பெண் பார்த்திருக்கிறோம் என்று சொன்னபோதும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்வராயன் மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டே இருந்த மாதம் அது. கொடியில் போட்ட துணி காயாமல் நாறியது. மாமாவின் கன்னத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, இது அக்கிதான் என்று சொல்லிவிட்டாள். அக்கிக்கு எங்கள் ஊரில் மருந்து தடவமாட்டார்கள், எழுதுவார்கள். பானை செய்கிறவர் காவியைக் குழைத்து அந்த இடத்தின்மேல் சிங்கம் வரைவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிட வேண்டும்.

அம்மா மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பானை செய்கிறவருக்குப் பானை நன்றாக வரும். சிங்கம் அவ்வளவாக வராது. மாமாவின் ஒட்டிய கன்னத்தில் அது வாலைச் சுருட்டி உட்கார்ந்த பூனையாகத்தான் வந்தது. காவி காய்ந்து உதிர்ந்துவிடக் கூடாதென்று அம்மா அடிக்கடி தண்ணீர் தொட்டு ஒற்றினாள். கூச்ச சுபாவமுள்ள மாமா, கன்னத்தில் சிங்கத்தோடு தெருவில் போக மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தள்ளிப்போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ரிஷிவந்தியத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வட்டம் மட்டும் நிற்கவில்லை. சிங்கத்தின் காலையும் வாலையும் தாண்டி வெளியே வந்துவிட்டது. சிங்கம் கூண்டுக்குள் நிற்பதுபோல் ஆனது. கடைசியில் அம்மா மாமாவைக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வீட்டில் விட ஆள் இல்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டாள்.

வரிசையில் நின்று உள்ளே போனோம். டாக்டரம்மா மாமாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இன்னா, கீரிப்பிள்ளையா?” என்றார்.

“சிங்கம்ங்க” என்றாள் அம்மா, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

துடைத்துவிட்டுப் பார்த்த டாக்டரம்மா, இது அக்கியே இல்லை, படர்தாமரை என்றார். மழைக்காலத்தில் ஊறுகாயிலும் தோல் செருப்பிலும் பூஞ்சை பூக்கிறதே, காளானுக்குச் சொந்தக்காரன், அந்தச் சாதிதான் இதுவும் என்றார். மேலே இருக்கிற செத்த தோலைத் தின்று பிழைக்குமாம். தின்றுகொண்டே நாலாபக்கமும் வெளியே நகருமாம். பின்னால் விட்டுவந்த நடுப்பகுதி ஆறிக்கொண்டே வருவதால்தான் வட்டமாகத் தெரிகிறதாம். ஈரம் என்றால் அதற்குக் கொண்டாட்டமாம். அம்மா தண்ணீர் தொட்டு ஒற்றியதைக் கேட்டதும், “நல்லாப் பயிர் வச்சிருக்கீங்க” என்றார்.

இடி இடித்த மறுநாள் காளான் பறித்துக் குழம்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதையும் வைக்கலாமா என்று அம்மாவின் காதில் கேட்டேன். தொடையில் கிள்ளினாள்.

இவ்வளவு தடிப்பாக வருவது பெரும்பாலும் கன்றுக்குட்டியிடமிருந்துதான், வீட்டில் கன்று இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். எங்களிடம் ஒரு கோழிகூட இல்லை என்றாள் அம்மா. மாமா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். அப்படியானால் கன்றிடமிருந்து வேறு யாருக்கோ ஒட்டி, அவர்களிடமிருந்து இவருக்கு வந்திருக்கும், தோலோடு தோல் பட்டால் போதும் என்றார் டாக்டரம்மா.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை நான். ஆனால் இதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது.

“பால் வூட்டுக் கன்னுக்குட்டிக்குக் கண்ணச் சுத்தி இருக்குதும்மா. அந்த வூட்டு அக்காவுக்கும் இருக்குது.”

பால் வீடு எங்கள் தெருக்கோடியில் இருந்தது. குழாயடிச் சண்டையில் அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊரிலேயே அவர்கள் வீட்டுப் பாலில்தான் தண்ணீர் கம்மி என்பதால் பாலை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் நான்தான் போய் வாங்கிவருவேன்.

“அவளுக்கு எங்கடா?” என்றாள் அம்மா.

என் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். “தாவணியால மூடிக்கினு இருக்கும். பால் கறக்கும்போதுதான் தெரியும்.”

அம்மா மாமாவின் வலது கன்னத்தைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, இவனுக்கு வலது, அவளுக்கு இடது என்று ஏதோ கணக்குப் போட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்ற கிழவர், “சரியாத்தான் வருது” என்றார். டாக்டரம்மா தலையைக் குனிந்து சீட்டு எழுதத் தொடங்கினார். தோள் மட்டும் குலுங்கியது.

மாமா மெதுவாகச் சொன்னார். “எனக்கு ரிஷிவந்தியம் வேணாங்க்கா.”

டாக்டரம்மா களிம்பு இரண்டு எழுதிக் கொடுத்தார். ஒருவர் மட்டும் போட்டுப் பயனில்லை, அந்தப் பெண்ணும் போட வேண்டும், இல்லாவிட்டால் இவரிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து இவருக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். மாமா ஒரு மூலையில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ரெண்டு பேரும் ஒரே தெருவுல இந்த மூஞ்சோட நடந்தா, பத்திரிகை அடிக்கிற செலவு மிச்சம்” என்றார் அப்பா. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, தெரு கண்டுபிடிப்பதற்குள் நாமே முந்திக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவது மேல் என்றாள்.

மறுநாள் காலையில், பால் வீட்டுக்குத் தானே போவதாகவும் நான் வர வேண்டாம் என்றும் அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் வாய் திறந்ததற்குத் தண்டனை என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. அவள் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அரைப்படி பாலுக்கு இரண்டு பேர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, அதன்மேல் ஒரு களிம்பு டியூப். எல்லாம் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்கள்.

பால் வாங்கும் செம்பை மட்டும் மறந்துவிட்டார்கள். பதறிப்போய் அதை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினேன்.