ஹெவி மெட்டல் காட்டிய உச்சஸ்தாயி

போன செவ்வாய்க்கிழமை நான் மண்டை ஓடு படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் போட்டேன். என் தொப்பையின் உபயத்தில் அந்த மண்டை ஓடு வாய் விட்டுச் சிரித்தது.

எல்லாம் யோகனால். யாழ்ப்பாணத்துக்காரன், என் நண்பன். நாங்கள் குடியேறிய கிளென் வேவர்லியில் எங்கள் தமிழ்ச் சங்க இசைக்குழுவை நடத்துகிறவன். ஒத்திகையில், நான் வருடா வருடம் பாடும் பாட்டின் சரணத்தில், உச்சஸ்தாயியில் என் குரல் வழக்கம்போல உடைந்தது. கீபோர்டை நிறுத்தினான்.

“மச்சான், குறை நினைக்காத. ஆண்டு விழாவிலயும் இப்பிடி உடைஞ்சா, அடுத்த வருஷம் நீ கதிரை அடுக்கிற குழுவுக்குத்தான்.”

எனக்குத் தெரிந்ததே அந்த ஒரு பாட்டு. அதுவும் போய் நாற்காலி அடுக்கப் போனால் சங்கத்தில் யார் என்னை மதிப்பார்கள்?

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டானோ என்னவோ… “மகனுக்கு வர ஏலாதாம். ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு, வாறியா?” என்றான். பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பாடகர் ஒருவரின் கச்சேரி. டி-ஷர்ட்டும் அவனே தந்தான். பாடகரின் பெயர்? நெஞ்சில் பெரிதாக எழுதியிருந்தது. முள்கம்பியை வளைத்து எழுதினால் யாரால் படிக்க முடியும்?

ரயிலில் யோகன் சரித்திரம் சொன்னான். வாலிபத்தில் பப்களில் கத்தத் தொடங்கியவராம். உலகப் புகழ். குழுவோடு சண்டை. காலி நாற்காலிகளுக்குப் பாடிய காலம். தொண்டை மக்கர் பண்ணி, ‘இனி அவ்வளவுதான்’ என்று எல்லாரும் முடிவு கட்டிய பிறகு… மறுபடி மேடை!

அரங்கத்தில் பார்த்தால், தாத்தா வயது. ஓடினார், குதித்தார். உட்கார்ந்திருந்த எனக்கு மூச்சு வாங்கியது.

அவருடைய பெரிய பாட்டு வந்தது. உச்ச இடம் நெருங்கியது; இவரும் என்னைப்போல உடையப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டிவிட்டார்! அரங்கமே அந்த உச்சத்தைப் பாடியது. அவர் கண்ணை மூடி ரசித்தார். நடுவில் தண்ணீரும் குடித்தார்.

அடடா… இது தெரியாமலா இத்தனை நாள் தேனும் இஞ்சியும் விழுங்கினேன்?

சனிக்கிழமை ஆண்டு விழா. பள்ளிக்கூட ஹால், முழங்கால் உயர மேடை. சரணம் வந்தது. உச்சம் வந்தது. கம்பீரமாக மைக்கை நீட்டினேன்.

முன்வரிசையில் எங்கள் சங்கத் தலைவர். தலைவர் ஒருவரிடம் மைக்கை நீட்டினால் என்ன ஆகும்? வாங்கிக்கொண்டார். எழுந்தே விட்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் கனக்கக் கதைக்க மாட்டன்…”

யோகன் தலையில் கை வைத்தான். தலைவர் சங்கத்தின் தோற்றத்தில் ஆரம்பித்து, கட்டட நிதிக்கு வந்து, வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் கார் பற்றிய அறிவிப்பை நெருங்கியபோது — பின்வரிசையில் ஓர் ஆன்ட்டிக்குப் பொறுமை போனது. நான் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். பக்கத்து வரிசை சேர்ந்தது. பிறகு ஹால் மொத்தமும்! தலைவரை உட்கார வைப்பது என்ற ஒரே லட்சியத்தோடு அந்த உச்சத்தைப் பிடித்தார்கள் பாருங்கள்… கூரை அதிர்ந்தது. யோகன் கீபோர்டின் மேல் பாய்ந்தான்.

நான் கண்ணை மூடி ரசித்தேன். தண்ணீரும் குடித்தேன்.

“மச்சான், அடுத்த வருஷமும் நீதான் பாடுறாய்” என்றான் யோகன், மேடையை விட்டு இறங்கும்போது. “ஆனா தலைவரும் முன்னுக்கு இருக்கவேணும்.”

ஓர் அரங்கத்தையே பாட வைக்க அந்த மனிதருக்கு ஓர் ஆயுள் பிடித்தது. எனக்கு ஒரு தலைவர் போதுமாக இருந்தது!